பின்னால் வெட்டிய காலுறை

ஏஞ்சலினுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்துவிடுவாள். “மூஞ்சி எதுக்குளா இருக்கு? காலப் பாத்தா யாருன்னு தெரியப்போவுது?” என்று அக்கா பிளாரன்ஸ் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறாள். பலனில்லை. கோயிலில் பூசைக்குப் போனாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். சனங்கள் முழந்தாளிடும்போது முன்னால் இருப்பவர்களின் குதிகாலும் கணுக்காலும் வரிசையாகத் தெரியுமே, அதற்காக. சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் விழிப்பாள். யார் காலில் செருப்பு வார் பதிந்திருந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்வாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது, அவள் செய்துவந்த வேலை அப்படி. தூத்துக்குடிக் கடலோரத்தில் நாலைந்து தெருவுக்கு, ஒரு பெண் இறந்துபோனால் முதல் ஆள் ஏஞ்சலின் வீட்டுக்குத்தான் ஓடிவரும். உடம்பைக் குளிப்பாட்டி, சேலை உடுத்தி, தலை சீவி, விரல்களில் செபமாலையைக் கோத்துப் பெட்டியில் கிடத்துகிறவரை அவள் பொறுப்பு. மற்ற நாட்களில் அவள் தையற்காரி. அக்காவோடு இருக்கும் வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின், ஒரு மேசை, சுவரில் திருஇருதயப் படம். வயது ஐம்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொல்லிச் சொல்லி, உண்மையான பதில் அவளுக்கே மறந்துபோயிற்று.

இந்த வேலை அவளிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய அம்மா. முப்பது வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இறந்தவர்களுக்கு வெள்ளைக் காலுறை மாட்டி அடக்குவது அந்தப் பக்கத்து வழக்கம். காலுறை ஏறவே இல்லை. நாலு பெண்கள் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஏஞ்சலின் கத்திரியை எடுத்துவந்தாள். காலுறையின் பின்பக்கத்தை மேலிருந்து குதிகால்வரை வெட்டினாள். முன்னாலிருந்து மாட்டி, வெட்டிய ஓரங்களைக் காலுக்கடியில் செருகிவிட்டாள். பெட்டியில் படுத்திருப்பவரின் பின்னங்காலை யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள்? முன்னால் நின்று பார்த்தால் கச்சிதமான கால். எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். பெற்றவளைப் பறிகொடுத்த அன்றைக்குப் பாராட்டு வாங்கியவள் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அன்றிலிருந்து அவளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் காலுறையை வெட்ட வேண்டியிருக்காது. ஆனால் கிழவிகள் பலருக்கு வெட்ட வேண்டியிருந்தது. நாற்பது பேருக்கு மேல் வெட்டியிருக்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் மனதில் ஒன்று கல்வெட்டாகப் பதிந்துவிட்டது. வயதானவர்களுக்குக் கால் வீங்கினால் ஆள் பிழைக்காது. வீங்கிய கால்கள் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேர்ந்தன. ஒன்றுகூடத் தப்பியதில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மனிதர்களுக்குத் தெரியக்கூடாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டதே என்ற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. பூசையில் யாருடைய கணுக்காலாவது உப்பியிருப்பதைக் கண்டால், வீட்டுக்கு வந்து அந்த ஆளுக்காக ஒரு செபமாலை சொல்வாள். தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று நம்பினாள்.

செல்வராணி அவளிடமே நேராக வந்து கேட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

செல்வராணி சந்தையில் கருவாடு விற்கிறவள். அறுபத்துமூன்று வயது. அவள் சிரித்தால் பக்கத்துக் கடையில் வியாபாரம் நின்றுபோகும், அப்படியொரு சிரிப்பு. போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒரு மத்தியானம் இரண்டு மணிக்கு, ரவிக்கையின் கையைக் கொஞ்சம் பிரித்துவிடச் சொல்லி ஏஞ்சலின் வீட்டுக்கு வந்தாள். காலில் இறந்துபோன புருஷனின் நீல ரப்பர் செருப்பு. அதிலும் அவள் கால் முழுதாக நுழையவில்லை. குதிகால் வெளியே தொங்க, சரக், தப், சரக், தப் என்று இழுத்து இழுத்து நடந்து வந்தாள். தெருமுனையில் ஒரு ஆட்டோ இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. யாருக்கோ வந்திருக்கிறது என்று ஏஞ்சலின் நினைத்தாள்.

ரவிக்கையை மேசைமேல் வைத்துவிட்டுச் செல்வராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கி, முன்னெலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

“ஏளா, ஊரு காலெல்லாம் பாத்தவ நீ. இது என்னான்னு சொல்லு.”

ஏஞ்சலின் கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள்.

“எத்தன நாளா இருக்கு?”

“ஒரு மாசம் இருக்கும். படுத்தா மூச்சு முட்டுது. சுவத்துல சாஞ்சு உக்காந்தமேனிக்குத்தான் தூங்குதேன். இந்த டயானா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு உசுர வாங்குதா.” டயானா அவளுடைய ஒரே மகள்.

ஏஞ்சலின் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிடச் சின்னக் குழி விழுந்தவர்களைக்கூட அவள் குளிப்பாட்டியிருக்கிறாள். இவளிடம் என்ன சொல்வது? போகிற உயிரைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? ஊசியும் குழாயுமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து போவதைவிட, இருக்கிற நாளைச் சிரித்துக்கொண்டே கழித்துவிட்டுப் போகட்டும். இரக்கப்பட்டுத்தான் அப்படி நினைத்தாள். அந்த இரக்கத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

“ஒண்ணுமில்ல செல்வராணிக்கா. நாளெல்லாம் சந்தையில காலத் தொங்கப்போட்டு உக்காந்தா வீங்கத்தான் செய்யும். படுக்கும்போது காலுக்கு ஒரு தலையணை வச்சுக்கோங்க, சரியாப் போவும்.”

செல்வராணி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியை ஏஞ்சலினால் இன்றுவரை மறக்க முடியவில்லை. “நீ சொன்னாச் சரி,” என்று எழுந்து போனாள். சரக், தப். கொஞ்ச நேரம் கழித்து முனையில் நின்ற ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

ஈஸ்டர் முடிந்து மூன்றாம் நாள் செல்வராணி இறந்துபோனாள். ஏஞ்சலின்தான் உடுத்தினாள். காலுறையைப் பின்னால் வெட்டி, முன்னால் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட்டாள். டயானா வந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டு, “சித்தி, அம்மா காலு பழையபடி ஆயிட்டு பாருங்க,” என்று அழுதாள். ஏஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள்தான் முதன்முதலாக அந்தச் சத்தம் கேட்டது.

மத்தியானம் இரண்டு மணி. வெயிலுக்குப் பயந்து நாய்கூட நடமாடாத நேரம். பிளாரன்ஸ் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையிலிருந்து சரக், தப், சரக், தப் என்று இழுத்து இழுத்து நடந்து வந்து, வாசலுக்கு வெளியே நின்றது. யாரும் கதவைத் தட்டவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டிருந்த ஏஞ்சலினின் கால் தானாக நின்றது. எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். தெருவில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

“யாருளா?” என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

“ஒரு சத்தம் கேட்டுச்சு.”

“ஹார்பர்ல கப்பல் ஊதியிருப்பான்.”

கப்பல் ஊதும் சத்தத்துக்கும் செருப்புச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா ஏஞ்சலின்? மறுநாளும் கேட்டது. ஒரு வாரம் விட்டு மறுபடியும் கேட்டது. கோயிலிலிருந்து தீர்த்தம் வாங்கிவந்து வாசலில் தெளித்தாள். பூசையில் நன்மை வாங்கினாள், நோன்பிருந்தாள். செருப்புச் சத்தம் அதற்கெல்லாம் மசியவில்லை. ராத்திரியில் வந்தால்கூடப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம். பட்டப்பகலில் வந்து வாசலில் நிற்கிறவளை என்ன செய்வது? சப்பாத்திக்கு மாவு பிசைவதையும் அவள் விட்டுவிட்டாள். விரல் பட்ட இடத்தில் விழும் குழியை அவளால் பார்க்க முடியவில்லை. “சப்பாத்தி என்ன பாவம் பண்ணிச்சு?” என்று பிளாரன்ஸ் கேட்டாள்.

பிளாரன்ஸுக்கு எழுபத்தொரு வயது. புருஷன் மரியான் தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய்வந்தவர், இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. மகன் மெல்வின் கப்பலில் வேலை பார்க்கிறான். அக்காவுக்கு வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. முழங்கால் வலியும் பிரஷரும் உண்டு. இந்த வருடம் மே மாதம் பிரஷர் கூடியிருந்ததால் ஒரு புது மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

ஜூலை இருபத்தாறாம் தேதி பனிமய மாதா கோயில் கொடியேற்றம். கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வந்த பிளாரன்ஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு பாதத்திலும் வார் பதிந்த தடம் பள்ளமாக இருந்தது. ஏஞ்சலின் மண்ணைத் தட்டிவிடுகிற சாக்கில் கீழே உட்கார்ந்து, அக்காவின் முன்னெலும்பில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்துவிட்டு மனதுக்குள் எண்ணினாள். பத்துவரை எண்ணியும் குழி நிரம்பவில்லை.

அம்மா, அப்புறம் செல்வராணி, இப்போது அக்கா. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது இந்த ஒருத்திதான்.

“என்னளா, காலப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கியா? என்ன தப்பு செஞ்ச?” என்று பிளாரன்ஸ் சிரித்தாள்.

ஏஞ்சலின் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்து வந்த மூன்று மாதமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அக்காவைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். பிளாரன்ஸுக்குக் கருவாடு என்றால் உயிர். தினமும் ஒரு கருவாட்டுக் குழம்பு, இல்லாவிட்டால் பொரித்த நெத்திலி, தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். அக்கா எழுந்திருக்கப் போனால், “நீ உக்காருக்கா, நான் எடுத்துத் தாரேன்,” என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தவள் சாப்பாட்டையும் அங்கேயே முடித்து, சீரியல் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எழுந்திருப்பாள். முழங்கால் வலிக்கிறது என்று முனகினால் ஏஞ்சலின் மருந்துக் கடைக்கு ஓடி வலி மாத்திரை வாங்கிவருவாள். முதலில் வாரத்துக்கு ஒன்று. பிறகு தினம் இரண்டு.

“நீ திடீர்னு இவ்வளவு நல்லவளாயிட்ட. எனக்குப் பயமா இருக்குளா,” என்றாள் பிளாரன்ஸ். ஏஞ்சலின் அடுப்படிக்குள் போய் அழுதாள்.

கால் வீக்கம் முழங்காலை நோக்கி ஏறியது. செப்டம்பரில் ஏஞ்சலின் கடைக்குப் போய் ஆம்பிளைகள் போடுகிற பெரிய அளவு வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி வாங்கினாள். அதுவும் பத்தாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு மத்தியானம் மெஷினில் உட்கார்ந்து அவற்றின் பின்பக்கத்தை வெட்டினாள். மற்றவர்களுக்கு வெட்டினால் அப்படியே செருகிவிடுவாள். அக்காவுக்கு என்பதால் நூல் பிரியாமல் இரண்டு ஓரத்தையும் மடித்துத் தைத்தாள். தைக்கும்போது வாசலில் அந்தச் சத்தம் வந்து நின்றது. அன்றைக்கு அவள் கதவைத் திறக்கவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிளாரன்ஸ் முகம் துடைக்க லேஞ்சு ஒன்றைத் தேடி அலமாரியைத் துழாவினாள். இஸ்திரி போட்டு மடித்த தன் வெள்ளைச் சேலைக்கு அடியில் காலுறைகள் அகப்பட்டன. ஒன்றை விரித்துப் பார்த்தாள். பின்னால் வெட்டு. அம்மா இறந்த அன்று காலுறையை இழுத்துப் பார்த்த நாலு பெண்களில் அவளும் ஒருத்தி. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஏளா, இங்கன வா.”

ஏஞ்சலின் வந்து பார்த்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எனக்கா?”

ஏஞ்சலினின் கண் அக்காவின் காலுக்குப் போயிற்று.

“நான் இன்னும் சாவலளா ஏஞ்சலின்!” பிளாரன்ஸ் காலுறையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “எனக்குச் சாவு வருதுன்னா எங்கிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலயா? அளவெடுக்க மட்டும் தோணிச்சா?”

“சொல்லி என்ன ஆவப்போவுதுக்கா? நீ பயந்துகிட்டே கெடப்ப.”

“பயப்படுதேன். என் சாவு, நான் பயப்படுதேன். அதுக்கும் சேத்து நீ பயப்படாத.” காலுறையைச் சுருட்டி அவள்மேல் எறிந்தாள். “நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். செத்தா அங்கன வச்சே சாவுதேன்.”

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நுஸ்ரத் காயல்பட்டினத்துப் பெண், முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். பிளாரன்ஸின் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தாள். ஏஞ்சலின் அழுத்துகிற அதே இடம், அதே கட்டை விரல். பிறகு கேள்விகளாகக் கேட்டாள். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? தலைக்கு எத்தனை தலையணை? காலையில் முகம் வீங்குகிறதா? சிறுநீர் நுரைக்கிறதா? வீக்கம் காலையில் குறைந்து சாயங்காலம் கூடுகிறதா?

“எத்தன நாளா வீக்கம் இருக்கும்மா?”

“ஒரு பத்து நாளு இருக்கும்,” என்றாள் பிளாரன்ஸ்.

“ஜூலை இருபத்தாறு,” என்றாள் ஏஞ்சலின். “கொடியேத்தத்தன்னைக்கு.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். பிளாரன்ஸ் மெதுவாகத் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தாள். நேற்று காலுறையைக் கண்டபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. ஏஞ்சலினுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ரத்தம், சிறுநீர், எக்கோ என்று எல்லாம் எடுத்து முடிய இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் நுஸ்ரத் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்.

“ஹார்ட் நல்லா இருக்கு. கிட்னிதான் லேசா களைச்சுப்போயிருக்கு, தேறிரும். மே மாசம் ஆரம்பிச்ச பிரஷர் மாத்திரை இருக்குல்லா, அது நல்ல மாத்திரைதான், ஆனா சில பேருக்குக் காலுல நீர் கோக்கும். அத மாத்தித் தாரேன். நீங்களா எதையும் நிறுத்திரக் கூடாது. அதுக்கு மேல, தினமும் வலி மாத்திரை போட்டிருக்கீங்க. அது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வச்சிரும், கிட்னிக்கும் ஆகாது. அத யாரு எழுதித் தந்தா?”

“நான்தான் கடையில வாங்கிக் குடுத்தேன்,” என்றாள் ஏஞ்சலின்.

“சாப்பாட்டுல உப்பு எப்படி? கருவாடு, ஊறுகாய்?”

“தினமும். நான்தான் ஆக்கிக் குடுப்பேன்.”

“நடக்கிறாங்களா?”

“நான் நடக்க விடமாட்டேன். நாற்காலியிலதான் உக்காத்தி வச்சிருப்பேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. “இவ்வளவு பாசமா பாத்துக்கிட்டா யாருக்குத்தாம்மா கால் வீங்காது?”

“அப்போ பிழைச்சிருவாளா டாக்டர்?”

“என்ன கேள்வி இது? இதுல சாவுறதுக்கு என்ன இருக்கு?”

“கால் வீங்கினா பிழைக்க மாட்டாங்கல்லா. நான் பாத்திருக்கேன். நாப்பது பேருக்கு மேல பாத்திருக்கேன்.”

எங்கே பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டாள். ஏஞ்சலின் தன் வேலையைச் சொன்னாள். குளிப்பாட்டுவது, உடுத்துவது, காலுறையை வெட்டுவது எல்லாம் சொன்னாள். நுஸ்ரத் தாள்களை ஒதுக்கி வைத்தாள். பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“நீங்க பாத்தது எல்லாம் இறந்தவங்களத்தானேம்மா. வீங்கி, மருந்து சாப்பிட்டு, வத்திப்போனவங்க உங்ககிட்ட எதுக்கு வரப்போறாங்க? அவங்க செருப்ப மாட்டிக்கிட்டு உங்க முன்னாடியே தெருவுல நடந்து போயிருப்பாங்க.”

பிளாரன்ஸ் லேஞ்சால் வாயைப் பொத்திக்கொண்டாள். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஏஞ்சலினுக்கு அழுகை வரவில்லை.

“டாக்டர், இன்னொண்ணு கேக்கணும். ஒருத்திக்கு ரெண்டு காலும் வீக்கம். படுத்தா மூச்சு முட்டும். சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குவா. அது என்னது?”

“ஹார்ட் சரியா அடிக்கலன்னு அர்த்தம். பாத்த அன்னைக்கே கூட்டிட்டு வந்திரணும். ஒரு காலு மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சாலும் அப்படித்தான், ரத்தம் கட்டியிருக்கலாம், தைலம் கியிலம் தேய்க்காம ஓடி வரணும்.”

“வந்தா பிழைச்சிருவாங்களா?”

“எல்லாரையும் காப்பாத்திருவோம்னு சொல்ல மாட்டேன். ஆனா மருந்து இருக்கு. ஒழுங்கா மருந்து சாப்பிட்டு வருசக்கணக்கா நல்லா இருக்கிறவங்க எங்கிட்டயே நெறைய பேரு இருக்காங்க. அவங்களக் கூட்டிட்டு வாங்க, பாப்போம். எங்க இருக்காங்க?”

ஏஞ்சலின் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மாத்திரை மாறியது. வலி மாத்திரை நின்றது. கருவாடு வீட்டை விட்டுப் போனதில் பிளாரன்ஸுக்கு உலகமே வெறுத்துவிட்டது. ஆனாலும் காலையிலும் மாலையிலும் கடற்கரைச் சாலையில் மெல்ல நடந்தாள், உட்காரும்போது காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. மூன்றாவது வாரம் அவளே கட்டை விரலால் அழுத்திக் காட்டினாள். குழி விழவில்லை. “ஏளா, ஒன் சாக்ஸு எனக்குப் பெருசாயிட்டு. வேற ஆளப் பாரு,” என்றாள். அவள் கோபம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஏஞ்சலின் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிறுபிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதாள்.

ஆனால் செருப்புச் சத்தம் நிற்கவில்லை. முன்பு எப்போதாவது வந்தது இப்போது தினமும் வந்தது. அக்காவின் கால் வற்ற வற்ற அந்தச் சத்தம் கனத்தது. வற்றக்கூடிய காலாக இருந்தும் வற்றாமல் போன ஒரு கால் வாசலில் வந்து நிற்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. டயானாவிடம் சொன்னால் ஒருவேளை நிற்கும் என்று நினைத்தாள்.

டயானா இப்போது அம்மாவின் இடத்திலேயே கருவாடு விற்கிறாள். சந்தை ஓய்ந்து, அவள் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து ஏஞ்சலின் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அம்மா காலைக் காட்டியது, தான் பார்த்தது, தெரிந்தும் ஒன்றுமில்லை என்று சொன்னது, ஏன் சொன்னோம் என்பது. அந்த அழகான காலுறை பின்னால் வெட்டியது என்பதையும் சொன்னாள்.

டயானா சாக்கை மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்பினோம் சித்தி. நான் ஆட்டோவுல உக்காந்திருந்தேன், ஒங்க தெருமொனையில. ரவிக்கைய மட்டும் குடுத்துட்டு வாரேன்னு எறங்கிப் போனா. திரும்பி வரும்போது சிரிச்சிகிட்டே வந்தா. ‘ஏஞ்சலினே ஒண்ணுமில்லன்னுட்டா. காலப் பத்தி அவளுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போவுது? ஆட்டோவத் திருப்பச் சொல்லு’ன்னா.”

டயானா மடித்த சாக்குகளைச் சேர்த்துக் கட்டினாள்.

“ஒங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுத்தான் இத்தன நாளும் மனசத் தேத்திகிட்டிருந்தேன்,” என்றாள் டயானா. “போங்க சித்தி. வெயிலா இருக்கு.”

அவள் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. தராசை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். ஏஞ்சலின் வீடு வந்து சேர்ந்தபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. பிளாரன்ஸ் காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏஞ்சலின் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தே வைத்தாள்.

தெருமுனையில் சத்தம் தொடங்கியது. சரக், தப். சரக், தப். ஒவ்வொரு வீடாகக் கடந்து வந்து வாசலில் நின்றது. எதிரே வெயில் மட்டும்தான் இருந்தது. ஏஞ்சலின் எழுந்து வாசல்வரை போனாள். இத்தனை நாளும் அந்தச் சத்தத்திடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குப் பேசினாள்.

“யாருகிட்டளா பேசுத?” என்று உள்ளேயிருந்து பிளாரன்ஸ் கேட்டாள். ஏஞ்சலின் திரும்பவில்லை.

“ஆட்டோவ அனுப்பிராதீங்க செல்வராணிக்கா,” என்று அவள் வெயிலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். “செத்த நிக்கச் சொல்லுங்க. நானும் கூட வாரேன்.”